பொருட்காட்சிகள்: காட்டுவனவும் காட்டாதனவும்

தமிழில் 'காட்சி' என்னும் சொல் இருமுகம் உடையது. கண்முன் வைக்கப்படும் பொருளையும் அது குறிக்கும். அதனைக் காணும் அறிவையும் குறிக்கும். வள்ளுவப் பெருந்தகை அறிவு என்னும் பொருளிலும் இச்சொல்லை ஆண்டுள்ளார். ஆகவே 'பொருட்காட்சி' என்று நாம் வழங்கும் சொல்லுக்குள் ஒரு கடமை மறைந்து கிடக்கிறது. பொருளை வைப்போன் அதனை உள்ளவாறு வைத்தல் வேண்டும்; காண்போன் அதனை அறிவொடு காணல் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் எஞ்சுவது கூட்டமும் இரைச்சலுமே.

மார்கழி கழிந்து தை பிறக்கும் காலத்தில் சென்னை மாநகர் ஆண்டுதோறும் காட்சிகளின் நகராக மாறுகிறது. தீவுத்திடலில் அரசின் சுற்றுலா மற்றும் தொழிற் பொருட்காட்சி. நந்தனத்தில் புத்தகக் காட்சி. நந்தம்பாக்கத்தில் பன்னாட்டுத் தோல் கண்காட்சி. நம் மாணவர் பலர் முதற்காட்சிக்கு இராட்டினம் ஏறச் செல்கின்றனர். சிலர் இரண்டாவதற்கு நூல் வாங்கச் செல்கின்றனர். மூன்றாவது ஒன்று உண்டென்பதே பலர்க்குத் தெரியாது. ஆயின் நம் சமுதாயத்தின் வாழ்வோடும் கல்வியோடும் மிக நெருங்கிய தொடர்புடையது அம்மூன்றாவதே. இக்காட்சிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, எவற்றைக் காட்டுகின்றன, எவற்றைக் காட்டாது விடுகின்றன என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அங்காடியும் அறமும்

பொருள்களை ஓரிடத்திற் குவித்துப் பலரும் காண வைத்தல் நமக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி, பகற்பொழுதின் நாளங்காடியையும் இரவுப்பொழுதின் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைவீதிகளைக் கண்டு செல்கிறான். ஆங்கு மணிகள் விற்கும் வீதியைச் சொல்ல வந்த இளங்கோவடிகள் மணிகளின் ஒளியை மட்டும் பாடி அமையவில்லை. காகபாதம் முதலாகிய வயிரக் குற்றங்களையும் பெயர் சுட்டி, அவை நீங்கிய வயிரங்கள் அங்கு விற்கப்பட்டன என்கிறார். பொன் விற்கும் வீதியிலோ, நால்வகைப் பொன்னுள் எது எங்கே கிடைக்கும் என்பதை வாங்குவோர் மயங்காமல் அறியும்பொருட்டுக் கொடிகள் கட்டப்பட்டிருந்தன. கொடி அலங்காரத்துக்காக மட்டும் அன்று. தரத்தை அறிவிக்கும் அடையாளமாகவும் அது நின்றது.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலையும் இவ்வழியிலேயே நிற்கிறது. வாங்கும்போது அளவிற் கூடுதலாகப் பெறாமலும், விற்கும்போது குறைத்துத் தாராமலும், பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணி வணிகம் செய்தோர் என்று அவர்களை அந்நூல் போற்றுகிறது. பண்டைத் தமிழ்ப் புலவர்கள் வணிகனின் செல்வத்தைக் காட்டிலும் அவன் வெளிப்படைத் தன்மையையே பெருமையாகக் கண்டனர் என்பது இதனாற் புலனாகும்.

இனி, அரபு நாட்டை நோக்குவோம். இசுலாம் தோன்றுவதற்கு முன்பே தாயிஃப் நகருக்கு அருகில் 'உகாழ்' என்னும் பெருஞ்சந்தை ஆண்டுதோறும் கூடியது. அதனையடுத்து மஜன்னா, துல்மஜாஸ் என்னும் சந்தைகள் கூடின. போர் விலக்கப்பட்ட புனிதத் திங்களில் இவை நடைபெற்றமையால், பகைகொண்ட குலத்தாரும் அச்சமின்றி வந்து கூடினர். தோலும் நறுமணப் பொருளும் ஆடையும் ஒருபுறம் விலையாகக் கவிஞர்கள் மறுபுறம் தம் பாடல்களை அரங்கேற்றினர். பொருட்காட்சியும் புத்தகக் காட்சியும் ஒருசேர நிகழ்ந்த களம் அது எனலாம். இசுலாம் வந்தபின் ஹஜ்ஜுக் காலத்தில் வணிகம் செய்தல் தகுமோ என மக்கள் ஐயுற்றனர். இறைவனின் அருட்கொடையைத் தேடுவது குற்றமாகாது எனத் திருமறையின் இரண்டாம் அத்தியாயத்து 198-ஆம் வசனம் அவ்வையத்தை நீக்கியது. வணிகம் வணக்கத்துக்குப் பகையன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் அவ்வணிகம் எத்தகையதாக இருத்தல் வேண்டும்? அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்ததாக சஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பிற் காணப்பெறும் ஒரு நிகழ்ச்சி இதற்கு விடையளிக்கிறது. அங்காடியில் ஒருவர் உணவுத் தானியத்தைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அண்ணலார் அக்குவியலுள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. காரணம் வினவியபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அவ்வாறாயின் மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் கடிந்துரைத்தார்கள்.

நனைந்த தானியத்தை விற்காதே என்று அண்ணலார் கூறவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மழை பெய்தது வணிகரின் பிழையன்று. ஈரத்தைக் கீழே மறைத்ததே பிழை. பொருளை வைக்கும் முறையிலேயே அறம் அமைந்துள்ளது என்னும் இப்பேருண்மையை அளவுகோலாகக் கொண்டு இக்காலக் காட்சிகளை அளந்து பார்ப்போம்.

லண்டனிலிருந்து சென்னை வரை

இக்காலப் பெருங்காட்சிகளுக்குத் தாயாக அமைந்தது 1851-ஆம் ஆண்டு மே முதல் நாள் லண்டன் ஹைடு பூங்காவில் திறக்கப்பெற்ற உலகக் கண்காட்சியாகும். இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பப்பட்ட 'கிறிஸ்டல் பேலஸ்' என்னும் மாளிகையில் ஐந்தரைத் திங்கள் நடைபெற்ற அக்காட்சியை ஏறத்தாழ 60 இலட்சம் பேர் கண்டனர். அங்கு வைக்கப்பட்ட பொருள்களுள் கோகினூர் வயிரமும் ஒன்று. 1849-இல் பஞ்சாபை வென்றபோது ஆங்கிலேயர் கைப்பற்றிய அவ்வயிரம் எதிர்பார்த்தபடி ஒளிரவில்லை என்று வந்தவர்கள் ஏமாற்றமுற்றனராம். அடுத்த ஆண்டே அதனை மீண்டும் பட்டை தீட்டி அளவிற் குறைத்தனர். பொருளின் வரலாற்றை விட அதன் பளபளப்பே பெரிதாகக் கருதப்படும் மனநிலைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

லண்டன் காட்சியின் எதிரொலி விரைவிலேயே நம் நகரிலும் கேட்டது. தென்னிந்தியாவின் மூலப்பொருள்கள், கலைகள், கைத்தொழில்கள் ஆகியவற்றுக்கான கண்காட்சி 1855-லும் மீண்டும் 1857-லும் சென்னையில் நடைபெற்றது. பின்னர் சென்ட்ரல் நிலையத்தை அடுத்திருந்த மக்கள் பூங்காவில் ஆண்டிறுதிச் சந்தை கூடலாயிற்று. 1886-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் அச்சந்தையில் மூண்ட தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கூட்டத்தை அழைப்போர்க்கு அக்கூட்டத்தின் உயிரைக் காக்கும் பொறுப்பும் உண்டு என்பதை மாநகர் பெருவிலை கொடுத்துக் கற்றது.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தவற்றுள் 1968-இல் அண்ணாநகரில் நடைபெற்ற பன்னாட்டு வணிகக் காட்சி குறிப்பிடத்தக்கது. இன்றும் அங்கு நிமிர்ந்து நிற்கும் கோபுரப் பூங்காவின் கோபுரம் அக்காட்சியை ஒட்டி எழுந்ததே. அதனைக் கட்டி முடித்தவர் கீழக்கரை தந்த தொழிலதிபரும் கல்வி வள்ளலுமாகிய பி. எஸ். அப்துர் ரகுமான் ஆவார். காட்சி முடிந்து கடைகள் கலைந்தன. கோபுரம் மட்டும் நின்றது. அதனைச் சுற்றி ஒரு புதுநகரே வளர்ந்தது.

இருவகைக் காட்சிகள்

காட்சிகளைப் பொதுமக்கள் காட்சி என்றும் வணிகக் காட்சி என்றும் இருவகையாகப் பகுக்கலாம். முன்னதற்கு நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் செல்லலாம். தீவுத்திடற் காட்சி இவ்வகையது. ஏறத்தாழ எழுபது நாள் நீடிக்கும் இதில் அரசுத் துறைகள் ஒவ்வொன்றும் தத்தம் அரங்கை அமைக்கின்றன. அணையின் மாதிரியையும் பயிரின் மாதிரியையும் காட்டித் திட்டங்களை விளக்குகின்றன. அப்பளமும் இராட்டினமும் அரங்குகளினும் மிகுதியாகக் கூட்டத்தை ஈர்ப்பினும், கிராமத்திலிருந்து வரும் ஒருவர் அரசின் பணிகளை ஒரு மாலைப்பொழுதிற் கண்டு திரும்ப இது வழி செய்கிறது.

பின்னது துறை சார்ந்தோர்க்கு மட்டும் உரியது. அது மூன்று நான்கு நாள்களில் முடிந்துவிடும். கடைப்பரப்பு சதுர மீட்டர் கணக்கில் வாடகைக்கு விடப்படும். அங்கே எவரும் பொருளை வாங்கிப் பையிலிட்டுச் செல்வதில்லை. அயல்நாட்டிலிருந்து வரும் கொள்முதலாளர் மாதிரியைத் தொட்டும் மடக்கியும் பார்ப்பார், நிற அட்டையைப் புரட்டுவார், விலையைப் பேசுவார், பேசி முடித்த பின்னரே 'ஆர்டர்' எழுதப்படும். வங்கியின் 'எல்.சி.' எனப்படும் உறுதிக் கடிதம் பின்னால் வரும். இன்று காட்டப்படும் மாதிரி, அடுத்த பருவத்திலோ அதற்கடுத்த பருவத்திலோ ஐரோப்பியக் கடைகளில் காலணியாகவோ கைப்பையாகவோ விற்பனைக்கு வரும். ஆகவே வணிகக் காட்சி என்பது பொருள் விற்கும் இடமன்று. நம்பிக்கை விற்கும் இடம். மூன்று நாளில் பிறக்கும் நம்பிக்கையை நம்பியே ஓர் ஊரின் ஓராண்டு உழைப்பு நடைபெறுகிறது.

இத்தகைய காட்சிகளை நடத்துவதற்கென்றே நடுவணரசு 1970-களில் ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அது 1992 முதல் 'இந்திய வணிக மேம்பாட்டு நிறுவனம்' என்னும் பெயரில் இயங்குகிறது. அந்நிறுவனமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமாகிய 'டிட்கோ'வும் கூட்டாக அமைத்ததே நந்தம்பாக்கத்திலுள்ள சென்னை வர்த்தக மையம்.

பள்ளி முற்றத்திற் பிறந்த புத்தகக் காட்சி

பொதுமக்கள் காட்சியாகவும் வணிகக் காட்சியாகவும் ஒருங்கே விளங்குவது சென்னைப் புத்தகக் காட்சி. 'பபாசி' எனச் சுருக்கமாக வழங்கும் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் 1977-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் முதற்காட்சியை நடத்தியது. அது நடைபெற்ற இடம் எதுவென்று இன்றைய மாணவரைக் கேட்டால் விடை வருவதரிது. அண்ணாசாலையிலுள்ள மதரசா-இ-ஆசம் பள்ளி வளாகமே அஃது. ஆற்காடு நவாபுகளின் ஆதரவால் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த கல்விக்கூடம் அது. தமிழ்ப் பதிப்புலகின் பெருவிழா ஒரு மதரசாவின் முற்றத்தில் தவழத் தொடங்கியது என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் தகும்.

முதற்காட்சியில் இருந்தவை 22 கடைகளே. பின்னர் அது அண்ணாசாலையிலேயே உள்ள காயிதே மில்லத் மகளிர் கல்லூரி வளாகத்துக்குப் பெயர்ந்து பல்லாண்டு அங்கு நடைபெற்றது. இடம் போதாமையால் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பள்ளி வளாகத்துக்கும் நந்தனத்துக்கும் சென்றது. இன்று கடைகள் பல நூறாகப் பெருகிவிட்டன. 2015 இறுதியில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் பதிப்பாளர் பலரின் நூற்கட்டுகள் நனைந்து அழிந்தன. அவ்வாண்டுத் தைக்காட்சி நின்று, 2016 சூன் திங்களில் தீவுத்திடலில் நடைபெற்றது. ஏற்பட்ட இழப்பைப் பதிப்பாளர்கள் மறைக்கவில்லை. வெளிப்படக் கூறினர், வாசகரும் வந்து வாங்கினர். ஈரத்தை மேலே வைத்தோரை மக்கள் கைவிடுவதில்லை என்பதற்கு அஃதொரு சான்று.

2023 முதல் தமிழக அரசு பன்னாட்டுப் புத்தகக் காட்சியையும் நடத்தி வருகிறது. அங்கு நூல்கள் விற்கப்படுவதில்லை. மொழிபெயர்ப்பு உரிமைகளே பேசப்படுகின்றன. தோல் மாதிரியைக் காட்டி ஆணை பெறுவது போல், நூலின் சுருக்கத்தைக் காட்டி உரிமை விற்கும் வணிகக் காட்சி அது.

தோலும் கல்வியும்

இனி, பன்னாட்டுத் தோல் கண்காட்சிக்கு வருவோம். 1986-இல் தொடங்கிய இக்காட்சி ஆண்டுதோறும் சனவரி இறுதியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ கூடுகிறது. பதனிட்ட தோல், காலணி, கைப்பை, உடை, பதனிடும் வேதிப்பொருள், தைக்கும் எந்திரம் என இத்தொழிலின் எல்லா உறுப்புகளும் ஒரு கூரையின்கீழ் வைக்கப்படுகின்றன. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளும் அதனையொட்டி ஆலையுடையோர்க்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

அரங்குகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துச் செல்வோர்க்கு ஒரு செய்தி விளங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என்னும் பாலாற்றங்கரை ஊர்களே அங்கு மிகுதி. இவ்வூர்களில் 'தோல் ஷாப்பு' என்று மக்கள் வழங்கும் பதனிடும் ஆலைகள் நூறாண்டுக்கும் மேலாக இயங்கி வருகின்றன. ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட தென்னாட்டுத் தோல் 'ஈ.ஐ. லெதர்' என்னும் பெயரால் ஐரோப்பாவிற் புகழ்பெற்றது. 2008-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வணிகத்தை வளர்த்தவருட் பெரும்பாலோர் தமிழக முசுலிம்களே.

அவ்வணிகத்தின் ஊதியம் எங்குச் சென்றது? ஒரு பகுதி கல்விக்கே சென்றது. 1919-இல் வாணியம்பாடியில் இசுலாமியாக் கல்லூரி எழுந்தது. மேல்விசாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் கல்விக்கும் வழிப்போக்கர் தங்குமிடங்களுக்கும் அள்ளி வழங்கினார். அவர் பெயரால் 1965-இல் அவ்வூரிற் கல்லூரி தோன்றியது. தோல் ஏற்றுமதி வணிகராகிய ஜமால் முகமது சாகிபு 1931-32-இல் இந்திய வணிகர் கூட்டமைப்பின் தலைவராக விளங்கியவர். அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1951-இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. 1969-இல் ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி எழுந்தது. தமிழகத்து முசுலிம் கல்லூரி வகுப்பறைகள் பலவற்றின் சுவர்களுக்குள் தோலின் வாடை கலந்திருக்கிறது என்றால் அது மிகையன்று. அதனை நாம் பெருமையோடேயே கூறுகிறோம்.

இத்தொழில் சந்தித்த திருப்பங்களும் பல. 1970-களின் தொடக்கம் வரை நம் ஆலைகள் அரைப்பதத் தோலையே பெருமளவில் ஏற்றுமதி செய்தன. அதனை முழுப்பதமாக்கிக் காலணி செய்து பெரும்பொருள் ஈட்டியோர் அயல்நாட்டார். 1972-இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையை ஒட்டி அரைப்பத ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆலைகள் முழுப்பதத் தோலுக்கும் பின்னர் காலணிக்கும் மாறின. ஆயிரக்கணக்கான மகளிர் காலணித் தொழிற்சாலைகளில் வேலை பெற்றனர். இம்மாற்றம் நிகழ்ந்து கொண்டிருந்த காலத்திலேதான் கண்காட்சியும் பிறந்தது. காட்டத்தக்க பொருள் கைக்கு வந்தபின் காட்சியும் வந்தது எனலாம்.

அரங்கில் வைக்கப்படும் தோல் பல தேர்வுகளைக் கடந்து வந்தது. உண்ணி கடித்த தழும்பு, முட்கீறல், உரிக்கும்போது நேர்ந்த கத்திவெட்டு ஆகியவற்றைத் தேர்வாளர் கண்ணாலும் விரலாலும் கண்டறிந்து தரம் பிரிப்பர். தோல் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும். குற்றமுள்ள தோலைக் குற்றமற்றது என்று விற்றவன் அடுத்த ஆண்டு அக்கொள்முதலாளரைக் காணமாட்டான். இளங்கோவடிகள் கூறிய வயிரக் குற்றங்களின் மரபு இங்குத் தொடர்கிறது.

காட்சியில் இடம்பெறாத பொருள்

ஆயின் அரங்கில் வைக்கப்படாத பொருள் ஒன்று உண்டு. அது தண்ணீர்.

ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தோல் கெடாமலிருக்க இட்ட உப்பு முதலில் ஊறலில் கரைந்து வெளியேறுகிறது. மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்கின்றன. அதன்பின் பதனிடும் பொருள். ஆவாரம்பட்டையால் வாரக்கணக்கில் நடந்த வேலையைக் குரோமிய உப்பு ஒரு நாளில் முடித்துவிடுகிறது; விரைவு கூடியது; கழிவின் தன்மையும் மாறியது. இத்தண்ணீர் பல்லாண்டுக் காலம் ஓடைக்கும் வயலுக்கும் பாலாற்று மணலுக்கும் சென்றது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28-ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. தோலாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிர் செய்யத் தகுதியற்றுப் போயிற்று என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றது. திண்டுக்கல் வட்டாரத்து ஊர்கள் சிலவற்றில் எடுத்த கணக்கின்படி 467 கிணறுகளுள் 350 கெட்டுவிட்டன என்பதும் அதிற் காணப்படுகிறது. கெடுத்தவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறி நாட்டுச் சட்டத்தின் ஒரு கூறு என்று நீதிமன்றம் நிலைநாட்டியது அவ்வழக்கிலேதான். இந்தியச் சட்ட மாணவர் ஒவ்வொருவரும் இன்று படிக்கும் அவ்வழக்கின் மூலம் நம் ஊர்க் கிணறுகளே.

அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பெற்றன. கழிவுநீர் சிறிதும் வெளியேறாத முறைக்கு ஆலைகள் மாறின. ஆலையுடையோர் பெரும்பொருள் செலவிட்டனர். அதனை மறுத்தல் நன்றியன்று. பாலாற்றின் துயர்க்குத் தோலாலைகள் மட்டுமே காரணமும் அல்ல; மணற்கொள்ளைக்கும் நகரச் சாக்கடைக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. 2025 சனவரித் திங்களில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் விரிவான தீர்ப்பை வழங்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. 2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டி நள்ளிரவில் உடைந்தது. அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் அச்சேற்றில் அகப்பட்டு மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தோர். ஆண்டுதோறும் சென்னையில் தோல் கண்காட்சி கூடும் காலமும் அதுவே. அரங்கில் விளக்கொளியில் மின்னும் காலணிக்கும் அப்பதின்மர்க்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. அத்தொடர்பைக் காட்டும் அரங்கு எங்கும் இல்லை.

தமிழிலக்கியம் அக்குறையை ஓரளவு நிறைவு செய்துள்ளது என்பது தமிழ்த்துறையினர்க்கு ஆறுதல். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளரின் வாழ்வையும் போராட்டத்தையும் சித்திரிக்கும் டி. செல்வராசின் 'தோல்' புதினம் 2012-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. தோல் கண்காட்சி காட்டாததைப் புத்தகக் காட்சியின் ஒரு கடை காட்டுகிறது. இருகாட்சிகளையும் ஒருசேரக் காண்பவனுக்கே முழுக்காட்சி கிட்டும்.

ஈரத்தை மேலே வைத்தால் வணிகம் கெடுமா?

நம் வீட்டுக் குறையை நாமே வீதியில் வைக்கலாமா எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உலை இத்தொழிலால் கொதிக்கிறது. போட்டி நாடுகள் காத்திருக்கின்றன. ஆயினும் தொழிலின் வரலாறே இதற்கு விடை தருகிறது.

தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க 'பென்டாகுளோரோபீனால்' என்னும் வேதிப்பொருள் முன்னர்ப் பயன்பட்டது. 1989 இறுதியில் செருமனி அதற்குத் தடை விதித்தது; குறித்த சிற்றளவுக்கு மேல் அது காணப்படும் தோல் அந்நாட்டுக்குள் நுழைய இயலாதாயிற்று. 1990-களில் சிலவகை 'அசோ' சாயங்களுக்கும் அவ்வாறே தடை வந்தது. கண்ணுக்குத் தெரியாத அப்பொருள்களைச் செருமானிய ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்தன. மறைத்துப் பயனில்லை என்று உணர்ந்து மாற்றுப் பொருளுக்கு விரைந்து மாறிய ஆலைகளே சந்தையைக் காத்துக்கொண்டன. குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்கும் கொள்முதலாளர் இன்று பெருகிவிட்டனர். 2005-இல் தோன்றிய 'லெதர் வொர்க்கிங் குரூப்' என்னும் பன்னாட்டு அமைப்பு, ஆலைகள் செலவிடும் தண்ணீர், மின்சாரம், வேதிப்பொருள் ஆகியவற்றைத் தணிக்கை செய்து தரச்சான்று வழங்குகிறது. பெருநிறுவனங்கள் பல அச்சான்றைக் கேட்கின்றன.

ஆகவே ஈரத்தை மேலே வைப்பது ஆன்மிக அறம் மட்டுமன்று. இன்றைய வணிகத்தின் தேவையும் ஆகும். அயல்நாட்டார் கேட்கும்போது காட்டும் கணக்கை நம் ஊரார் கேளாமலே காட்டுதல் வேண்டும் என்பதே நம் கருத்து. கிணற்றை இழந்த உழவர்க்கு அக்கணக்கின்மேல் உரிமை உண்டு. அவர் மகனும் ஆலையுடையோர் மகனும் நம் கல்லூரிகளில் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து படிக்கின்றனர்.

நாம் செய்யத்தக்கன

காட்சிகளைக் காணச் செல்லும் மாணவர் மூன்று வினாக்களுடன் செல்லுதல் நலம். இப்பொருள் எங்கிருந்து வந்தது? யார் கைபட்டு வந்தது? இதனைச் செய்ததால் எது குறைந்தது? இம்மூன்றையும் அரங்கிலிருப்போரிடம் பணிவுடன் கேட்கலாம். அறிந்தவர் மகிழ்ந்து சொல்வர். அறியாதவர் அடுத்த ஆண்டுக்குள் அறிந்துகொள்வர். வணிகக் காட்சிக்குள் எல்லாரும் நுழைய இயலாது. ஆயின் உரிய இசைவு பெற்று ஆசிரியர் துணையோடு செல்லும் மாணவர்க்கு அது ஒரு திறந்த நூல்.

தமிழ்த்துறைக்கென்று தனிப்பணியும் உண்டு. தோல் கண்காட்சியின் விளக்க அட்டைகளில் தமிழைக் காண்பது அரிது. தொழிலோ தமிழகத்தது, தொழிலாளரோ தமிழர், சொற்கள் மட்டும் அயலவை. தோல் ஷாப்புகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கும் சொற்களை, அவை உருதுவாயினும் தமிழாயினும், முதிய தொழிலாளர் வாய்மொழியிலிருந்து தொகுத்தல் வேண்டும். ஆவாரம்பட்டையை எவ்வாறு இடித்தனர், தொட்டியில் எத்தனை நாள் ஊறவிட்டனர், பதம் வந்ததை எவ்வாறு அறிந்தனர் என்பவற்றைச் சொல்லவல்லோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஒரு கல்லூரி ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டாலும் போதும். நாளைய கலைச்சொல் அகராதிக்கு அது விதையாகும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் கல்லூரிகள் ஆண்டுதோறும் அறிவியற் கண்காட்சி நடத்துகின்றன. எரிமலை மாதிரியும் மழைநீர்ச் சேகரிப்பு மாதிரியும் அங்குத் தவறாது இடம்பெறும். அவற்றோடு ஒரு மேசையை ஒதுக்கித் தருக. அதன்மேல் ஊரின் நான்கு திசைக் கிணறுகளிலிருந்து எடுத்த தண்ணீர் நான்கு கண்ணாடிக் குப்பிகளில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் உப்பின் அளவையும் வேதியியல் மாணவர் அளந்து எழுதட்டும். அதன்கீழ் நல்ல தமிழில் விளக்கம் எழுதும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்கும். அடுத்த ஆண்டு அதே கிணறுகளை மீண்டும் அளப்போம். அளவு குறைந்திருப்பின் ஆலையுடையோரை மேடையேற்றிப் பாராட்டுவோம்; கூடியிருப்பின் கூடியமர்ந்து காரணம் தேடுவோம். செலவு மிகச் சிறிது. துணிவு மட்டுமே வேண்டும்.

லண்டன் காட்சியில் மிஞ்சிய ஊதியத்தைக் கொண்டு அந்நகரத்தார் அருங்காட்சியகங்களை எழுப்பினர். நம் முன்னோர் தோலில் மிஞ்சிய ஊதியத்தைக் கொண்டு கல்லூரிகளை எழுப்பினர். அவர்கள் செய்தது குறைவான செயலன்று. அக்கல்லூரிகளிற் கற்ற நாம் அவர்க்குச் செலுத்தத்தக்க கைம்மாறு, அவர்கள் விட்டுச்சென்ற ஊரின் தண்ணீரை மீட்டுத் தருவதாகும். மழையில் நனைந்தது எவர் பிழையுமன்று என்று சொல்லும் காலம் கடந்துவிட்டது. நனைந்ததை எடுத்து மேலே வைக்கும் கை இனி நம் கையாக இருத்தல் வேண்டும்.